சிறுநீர் நின்ற பிறகும் தொடரும் ஆபத்து: டயாலிசிஸ் நோயாளிகளும் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயும்

டயாலிசிஸ் யூனிட்டில் காலை ஷிப்ட் எடை பார்ப்பதில் தொடங்குகிறது. போன தடவை மெஷினிலிருந்து இறங்கியபோது எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு, நடுவில் ஏறிய தண்ணீர் எத்தனை லிட்டர் என்று டெக்னீஷியன் கணக்குப் போடுவார். அப்புறம் பி.பி., கையில் ஃபிஸ்டுலாவின் (ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து உண்டாக்கிய ரத்தக்குழாய்) அதிர்வு, இரண்டு ஊசி, நான்கு மணி நேரம். இதில் ஒரு கேள்வி பெரும்பாலும் வருவதில்லை: சிறுநீரில் ரத்தம் போகிறதா? காரணம் எளிது. டயாலிசிஸ் தொடங்கிச் சில வருடங்களில் பலருக்குச் சிறுநீரே நின்றுவிடுகிறது. வராத சிறுநீரில் எதைப் பார்ப்பது?

ஆனால் அந்த நோயாளியின் சிறுநீரகங்கள் இரண்டும் உடம்புக்குள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. சுருங்கிப்போய், வேலை நின்றுபோய், ஆனால் உயிரோடு. சிறுநீர்ப்பையும் அப்படியே. ஒரு நாள் உள்ளாடையில் பழுப்பாக ஒரு கறை தெரியும். நாலு சொட்டு, வலி கிடையாது. வயதான பெண்ணாக இருந்தால் கர்ப்பப்பைக் கோளாறு என்று நினைத்துக்கொள்வார். டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரினால் வந்திருக்கும் என்று இன்னொருவர் சமாதானம் சொல்வார். மாதங்கள் ஓடிவிடும். சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய் டயாலிசிஸ் நோயாளிகளிடம் காட்டும் முதல் அடையாளம் பல நேரங்களில் இந்தக் கறைதான். வேறு எதையும் அது காட்டாமல் இருக்கலாம்.

இந்தக் கட்டுரை அந்தக் கறைக்குப் பின்னால் இருக்கும் ஆராய்ச்சியைப் பற்றியது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஏன் இந்தப் புற்றுநோய்கள் கூடுதலாக வருகின்றன, சின்னத் துளைகள் வழியே செய்யும் அறுவை சிகிச்சை அவர்கள் விஷயத்தில் எப்படி மாறுகிறது, மருந்து ஆய்வுகளில் அவர்கள் ஏன் காணாமல் போகிறார்கள் என்பதையெல்லாம் பார்க்கலாம். எல்லாம் கடைசியில் ஒரே கேள்வியில்தான் போய் முடிகின்றன: அந்தச் சிறுநீரகம் முதலில் ஏன் செயலிழந்தது?

சிறுநீரகத்தில் இரண்டு இடங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, ரத்தத்தை வடிகட்டும் சதைப்பகுதி. இன்னொன்று, வடிந்த சிறுநீர் வந்து சேரும் புனல் போன்ற பகுதி. புனலிலிருந்து சிறுநீர்க்குழாய் கீழே இறங்குகிறது, குழாய் சிறுநீர்ப்பையில் போய்ச் சேர்கிறது. புனல் முதல் பை வரை உள்பக்கம் முழுக்க ஒரே தொடர்ச்சியான உட்படலம். சதைப்பகுதியில் வரும் புற்றும் இந்த உட்படலத்தில் வரும் புற்றும் வேறு வேறு நோய்கள். காரணம் வேறு, போக்கு வேறு, அறுவை சிகிச்சை வேறு. ஸ்கேன் ரிப்போர்ட்டில் இரண்டும் ‘சிறுநீரகத்தில் கட்டி’ என்று ஒன்றுபோலத் தெரிந்தாலும்.

சதைப்பகுதியின் கதை 1977-ல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்குகிறது. டன்னில் என்ற நோய்க்கூறு மருத்துவரும் அவருடைய சகாக்களும் நீண்டநாள் டயாலிசிஸில் இருந்த 30 பேரின் சிறுநீரகங்களைச் சோதித்தார்கள். 14 பேரின் சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் நிறைந்திருந்தன. அவர்களில் 6 பேருக்கு அதோடு சதைக்கட்டிகளும் இருந்தன. பிறவியிலேயே வரும் நீர்க்கட்டி நோய் இவர்கள் யாருக்கும் கிடையாது. வேலை நின்ற பிறகு புதிதாக முளைத்தவை இவை. அதுவரை டயாலிசிஸ் மருத்துவர்களின் கவனமெல்லாம் மெஷின், ரத்தக்குழாய், பொட்டாசியம் என்றிருந்தது. செத்துப்போனதாகக் கருதப்பட்ட உறுப்பு உள்ளே மாறிக்கொண்டே இருக்கிறது என்பதை அந்தச் சிறிய ஆய்வு காட்டியது.

அப்புறம் பலரும் தேடத் தொடங்கினார்கள். ஜப்பானின் கனசாவா நகரைச் சேர்ந்த இஷிகாவா 1982 முதல் நாடு தழுவிய கணக்கெடுப்புகளைத் திரும்பத் திரும்ப நடத்தினார். டயாலிசிஸ் காலம் நீள நீள நீர்க்கட்டிகளும் பெருகுகின்றன, பத்து வருடம் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு அவை இருக்கின்றன என்பது தெளிவானது. மாற்றுச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்யத் தொடங்கினால் பழைய சிறுநீரகத்தின் நீர்க்கட்டிகள் சுருங்குவதையும் அவர் கவனித்தார். ரத்தத்தில் தேங்கும் கழிவுகளுக்கும் இந்த மாற்றத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல தடயம். 2016-ல் உலக சுகாதார நிறுவனத்தின் கட்டி வகைப்பாட்டில் இந்த நீர்க்கட்டிகளோடு சேர்ந்து வரும் சிறுநீரகப் புற்று தனி வகையாகவே இடம்பெற்றது. நுண்ணோக்கியில் அதற்குள் ஆக்சலேட் படிகங்கள் மின்னுவது அதன் முத்திரை.

எண்ணிக்கையில் பெரிய ஆய்வு 1999-ல் வந்தது. அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பதிவேடுகளிலிருந்து 8,31,804 டயாலிசிஸ் நோயாளிகளை எடுத்துப் பார்த்தார்கள். எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்தால் பொதுமக்களைவிட 18 விழுக்காடுதான் கூடுதல். சிறுநீரகப் புற்று மட்டும் 3.6 மடங்கு. சிறுநீர்ப்பைப் புற்று 1.5 மடங்கு. அதாவது டயாலிசிஸ் எல்லாப் புற்றையும் ஒரே அளவில் தூண்டுவதில்லை. நோய்ப்பட்ட பாதையை ஒட்டித்தான் ஆபத்து ஏறுகிறது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். டயாலிசிஸ் நோயாளிகள் அடிக்கடி மருத்துவமனைக்கு வருகிறார்கள், அடிக்கடி ஸ்கேன் எடுக்கிறார்கள், அதனால்தானே அதிகமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது? ஓரளவு உண்மைதான். பிரான்சின் 24 மையங்களில் 1,250 சிறுநீரகப் புற்றுநோயாளிகளை ஒப்பிட்டு 2011-ல் வெளிவந்த ஆய்வில், சிறுநீரகம் செயலிழந்தவர்களின் கட்டிகள் சின்னதாகவும், ஆரம்ப நிலையிலும், அடங்கிய போக்கிலும் இருந்தன. சீக்கிரம் கண்டுபிடிப்பதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் ஸ்கேன் எண்ணிக்கையை வைத்து மட்டும் 3.6 மடங்கை விளக்கிவிட முடியாது என்பதே என் கருத்து. உட்படலப் புற்றின் விஷயத்தில் அந்த விளக்கம் சுத்தமாகவே நிற்காது. அதற்குத் தைவானுக்குப் போக வேண்டும்.

மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் உலகிலேயே டயாலிசிஸ் நோயாளிகள் மிக அதிகமுள்ள இடங்களில் தைவான் முன்வரிசையில் நிற்கிறது. 1995-ல் அங்கே தேசியக் காப்பீடு வந்தது, டயாலிசிஸ் செலவை அது ஏற்றுக்கொள்கிறது. கூடவே ஒவ்வொரு மருந்துச்சீட்டும் கணினியில் பதிவாகிறது. ஆய்வாளர்களுக்கு இது பெரிய கொடை. அந்தப் பதிவுகளில் ஒரு விசித்திரம் தெரிந்தது. மேலை நாடுகளில் டயாலிசிஸ் நோயாளிகளுக்குச் சதைப்பகுதிப் புற்றே முன்னால் நிற்கும். தைவானிலோ உட்படலப் புற்று முன்னால் நின்றது. பொதுவாக உலகெங்கும் உட்படலப் புற்றில் பெரும்பங்கு சிறுநீர்ப்பையில்தான் வரும். மேலே புனலிலும் குழாயிலும் வருவது 5 முதல் 10 விழுக்காடு. தைவானில் அந்த மேல்பாதைப் பங்கு பல மடங்கு பெரிது. இன்னொன்று, மற்ற நாடுகளில் இது ஆண்களின் நோய், புகைபிடிப்பவர்களின் நோய். தைவானில் புகைபிடிக்காத பெண்கள் வரிசையாக வந்தார்கள். இரண்டு பக்கமும் புற்றோடு வந்தவர்களும் உண்டு.

தென்மேற்குக் கடற்கரையில் ஆழ்கிணற்றுத் தண்ணீரில் கலந்திருந்த ஆர்செனிக் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தப் பகுதியில் கால் கறுத்து அழுகும் நோயே இருந்தது, அந்த ஊர்க்காரர்களிடம் சிறுநீர்ப்பாதைப் புற்றும் கூடுதல்தான். ஆனால் ஆர்செனிக் இல்லாத ஊர்களிலிருந்தும் நோயாளிகள் வந்தார்களே? அதற்கான விடையின் முதல் பாதி பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் கிடைத்தது.

1990-களின் தொடக்கம். பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்க வைக்கும் ஒரு மருத்துவகத்துக்குப் போய்வந்த பெண்களுக்கு, ஐம்பது வயதுகூட ஆகாதவர்களுக்கு, சிறுநீரகம் வேகமாகச் சுருங்கி நின்றுபோனது. 1993-ல் வான்ஹெர்வெகெம் குழு இதை வெளியிட்டது. இளைக்கும் மாத்திரையில் சேர்த்த சீன மூலிகை ஒன்றுக்குப் பதிலாக வேறொன்று கலந்திருந்தது. சீனப் பெயர்கள் ஒன்றுபோல ஒலித்ததால் வந்த வினை. கலந்த மூலிகை அரிஸ்டோலோக்கியா என்ற கொடியினத்தைச் சேர்ந்தது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தின் நுண்குழல்களைக் கொல்கிறது.

சிறுநீரகம் போனதோடு கதை முடியவில்லை. புற்று வரலாம் என்ற பயத்தில், வேலை நின்ற தங்கள் பழைய சிறுநீரகங்களையும் குழாய்களையும் முன்கூட்டியே எடுத்துவிட 39 பேர் சம்மதித்தார்கள். 2000-ல் நோர்டியே குழு அதன் முடிவுகளை வெளியிட்டது. 39 பேரில் 18 பேருக்கு ஏற்கெனவே உட்படலப் புற்று இருந்தது. 19 பேருக்குப் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள். முழுக்கச் சுத்தமாக இருந்தவர்கள் 2 பேர்தான். சின்னக் குழு என்பது சரி. ஆனாலும் இந்த எண்களை முதன்முதலில் படித்தபோது நான் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். டயாலிசிஸிலும் மாற்றுச் சிறுநீரகத்தோடும் ‘நன்றாக’ இருந்த பெண்கள் இவர்கள்.

ஐரோப்பாவின் இன்னொரு மூலையில், டானூப் ஆற்றின் கிளையாறுகளை ஒட்டிய பால்கன் கிராமங்களில், 1950-களிலிருந்தே ஒரு மர்மச் சிறுநீரக நோய் இருந்தது. அங்கேயும் அதோடு மேல்பாதைப் புற்று ஒட்டிக்கொண்டு வந்தது. கோதுமை வயலில் களையாக வளர்ந்த அரிஸ்டோலோக்கியாவின் விதைகள் அறுவடையில் கலந்து மாவாகி, ரொட்டியாகி, தலைமுறைகளாக வயிற்றுக்குள் போயிருந்தன. 2007-ல் கிரோல்மன் குழு நோயாளிகளின் திசுவில் அந்த அமிலத்தின் தடயத்தைக் காட்டி இதை உறுதிப்படுத்தியது.

இப்போது தைவானுக்குத் திரும்புவோம். காப்பீட்டுப் பதிவேட்டைப் புரட்டியபோது, 1997 முதல் 2003 வரையிலான காலத்தில் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த அமிலம் இருக்கக்கூடிய மூலிகை மருந்து எழுதித் தரப்பட்டிருந்தது தெரிந்தது. 2003 நவம்பரில் தைவான் அரசு அந்த மூலிகைகளைத் தடை செய்தது. 2010-ல் வந்த ஓர் ஆய்வு, அந்த அமிலம் இருக்கக்கூடிய மூடோங் என்ற மூலிகையை மொத்தம் 60 கிராமுக்கு மேல் வாங்கியவர்களிடம் சிறுநீர்ப்பாதைப் புற்றின் ஆபத்து கூடுவதைக் காட்டியது. 60 கிராம் என்பது உள்ளங்கையில் அடங்கும் அளவு.

முடிவான சாட்சி 2012-ல் வந்தது. மேல்பாதைப் புற்று வந்த 151 தைவான் நோயாளிகளின் கட்டிகளில் மரபணுவைப் படித்தார்கள். ஒப்பீட்டுக்குச் சதைப்பகுதிப் புற்று வந்த 25 பேர். அரிஸ்டோலோக்கிக் அமிலம் டிஎன்ஏ-வில் ஒட்டிக்கொள்ளும்போது குறிப்பிட்ட ஒரு பிழையை உண்டாக்குகிறது: ஏ-டி என்றிருக்க வேண்டிய டிஎன்ஏ எழுத்து இணை டி-ஏ என்று புரண்டுவிடும். வேறு நச்சுகளால் அரிதாகத்தான் இப்படி நடக்கும். எனவே அது கைரேகை மாதிரி. தைவான் கட்டிகளில் அந்தக் கைரேகை பளிச்சென்று தெரிந்தது, பால்கன் கிராமத்தவர்களின் கட்டிகளில் இருந்ததும் அதுவேதான். அந்தப் பிழை இருந்தவர்களில் 83 விழுக்காட்டினரின் சிறுநீரகத் திசுவில் அமிலம் ஒட்டிய தடயமும் கிடைத்தது. மருந்தை எப்போதோ நிறுத்தியிருப்பார்கள், பெயரைக்கூட மறந்திருப்பார்கள். சிறுநீரகம் மறக்கவில்லை.

நான் சொல்லவந்தது இதுதான். சதைப்பகுதிப் புற்றில் டயாலிசிஸ் காலத்தின் நீளம் கணக்கில் வருகிறது. உட்படலப் புற்றில் டயாலிசிஸ் பெரும்பாலும் பழியைச் சுமக்கிறது, குற்றவாளி அதற்கு முன்பே வந்துபோய்விட்டது. சிறுநீரகத்தைக் கொன்றதும் புற்றை விதைத்ததும் ஒரே நஞ்சு. இதே கதையை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஃபெனாசிட்டின் என்ற வலிநிவாரணி கலந்த தலைவலிப் பொடிகளும் எழுதின. ஆஸ்திரேலியாவில் பெக்ஸ் என்ற பொடியை வீட்டுப் பெண்கள் தேநீரோடு தினமும் போட்டுக்கொண்டார்கள். சிறுநீரகம் கெட்டது, பின்னாலேயே உட்படலப் புற்றும் வந்தது.

நம் பக்கத்துக்கு இதில் என்ன தொடர்பு என்றால், இருக்கிறது. அரிஸ்டோலோக்கியா இனம் தமிழ் நிலத்துக்குப் புதிதல்ல. ஈஸ்வரமூலி, பெருமருந்துக்கொடி என்று நாம் சொல்வதும், ஆடுதின்னாப்பாளை என்று சொல்வதும் அந்த இனத்துச் செடிகள்தான். விஷக்கடிக்கும் குடற்புழுவுக்கும் இவற்றை நாட்டு வைத்தியத்தில் பயன்படுத்திவந்திருக்கிறார்கள். ஆடு தின்னாது என்று பெயரிலேயே வைத்தவர்கள் எதையோ கூர்ந்து கவனித்திருக்கிறார்கள். உடம்பு சிவந்த கறுப்பு அழகிப் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் மட்டும் இந்த இலையைத் தின்று, அந்த நஞ்சையே தங்கள் கவசமாகச் சேர்த்துவைத்துக்கொள்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அமிலத்தை மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. சித்த மருத்துவத்தை மதிப்பவர்கள்தான் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு செடி பழமையானது என்பதால் மட்டும் அதன் அளவும் காலமும் பாதுகாப்பானவை ஆகிவிடாது.

சரி, புற்று கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. எப்படி எடுப்பது?

சிறுநீரகத்தைத் துளை வழியே எடுத்த முதல் அறுவை சிகிச்சை 1990 ஜூன் 25 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்தது. ரால்ஃப் கிளேமன் குழு 85 வயதுப் பெண்மணி ஒருவருக்கு அதைச் செய்தது. ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆனது. உள்ளேயே ஒரு பையில் சிறுநீரகத்தைப் போட்டு, துண்டுதுண்டாக்கி, சின்னத் துளை வழியே உறிஞ்சி எடுத்தார்கள். அதுவரை விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துத்தான் சிறுநீரகத்தைத் தொட முடியும்.

இரண்டு வருடம் கழித்து மும்பையில் ஒரு முக்கியமான வேலை நடந்தது. சிறுநீரகம் குடல் இருக்கும் வயிற்று உறைக்குள் இல்லை, அதற்குப் பின்னால், முதுகுப் பக்கம் கொழுப்பில் புதைந்து கிடக்கிறது. முன்னாலிருந்து போனால் வயிற்று உறையைக் கிழித்துத்தான் போக வேண்டும். பின்னாலிருந்து போகலாம், ஆனால் அங்கே கருவி ஓட்ட இடம் கிடையாது. டாக்டர் டி.டி. கௌர் அறுவை சிகிச்சைக் கையுறையை ஒரு ரப்பர் குழாயின் நுனியில் கட்டி, உள்ளே செருகி, பி.பி. கருவியின் பம்ப்பால் காற்றடித்து ஊதவைத்தார். பலூன் கொழுப்பைத் தள்ளி விலக்கி ஓர் அறையை உண்டாக்கியது. 1992-ல் அதை வெளியிட்டார். இன்று கம்பெனி பலூன்கள் வந்துவிட்டன, ஆனாலும் கையுறை பலூனைப் பல மருத்துவமனைகள் விடவில்லை.

டயாலிசிஸ் நோயாளிக்கு இந்தப் பின்வாசல் ஏன் முக்கியம்? வயிற்றில் திரவம் விட்டு எடுக்கும் சிஏபிடி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அந்த வயிற்று உறைதான் வடிகட்டி. அதைக் கிழித்தால் ஆறும்வரை மெஷின் டயாலிசிஸுக்கு மாற வேண்டும். பின்னால் வழியாகப் போனால் உறை முழுசாக இருக்கும், சீக்கிரம் பழைய முறைக்கே திரும்பிவிடலாம்.

அறுவை சிகிச்சை நாளை அருகில் போய்ப் பாருங்கள். முந்தின நாள் டயாலிசிஸ் முடிந்திருக்க வேண்டும். காலையில் பொட்டாசியம் பார்ப்பார்கள், ஏறியிருந்தால் ஒத்திப்போடுவார்கள். ஃபிஸ்டுலா இருக்கும் கையில் பி.பி. பட்டை கட்டக் கூடாது, ஊசி போடக் கூடாது, அழுந்தக் கூடாது. பஞ்சு சுற்றித் தனியாக நீட்டி வைப்பார்கள். பி.பி. ரொம்ப நேரம் கீழே விழுந்தால் ஃபிஸ்டுலா உறைந்து அடைத்துக்கொள்ளும். புற்றை எடுத்துவிட்டு உயிர்க்குழாயை இழந்த மாதிரி ஆகிவிடும். பார்வைக்கு இடம் உண்டாக்க உள்ளே ஏற்றும் கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் கலந்து அமிலத்தன்மையைக் கூட்டும். நல்ல சிறுநீரகம் அதைச் சரிக்கட்ட உதவும், இவருக்கு அந்த உதவி இல்லை. எனவே மயக்க மருத்துவர் மூச்சுக் கருவியை வைத்தே சமாளிக்க வேண்டும், ஏற்றும் அழுத்தத்தையும் முடிந்தவரை குறைவாக வைப்பார்கள். சலைன் ஒவ்வொரு பாட்டிலும் கணக்கு. ரத்தத் தட்டணுக்கள் எண்ணிக்கையில் சரியாக இருந்தாலும் கழிவு தேங்கிய ரத்தத்தில் மந்தமாகத்தான் வேலை செய்யும், அதனால் கசிவு நிற்காது. முடிந்த பிறகு சில நாள் ஹெப்பாரின் இல்லாமல் டயாலிசிஸ். இத்தனைக்கும் நடுவில் காயம் சின்னது, ரத்த இழப்பு குறைவு, இரண்டாம் நாளே எழுந்து நடக்கலாம் என்பது இவர்களுக்கு வெறும் வசதியைவிடப் பெரிய விஷயம்.

ஆனால் உட்படலப் புற்றில் சின்னத் துளைக்கு ஓர் எல்லை உண்டு. இங்கே சிறுநீரகத்தை உள்ளேயே துண்டாக்கக் கூடாது. புற்றணுக்கள் சிந்திவிடும். சிறுநீரகம், முழுக் குழாய், குழாய் சிறுநீர்ப்பையில் நுழையும் இடத்தில் ஒரு வட்டத் துண்டு, எல்லாம் ஒரே கோவையாக வெளியே வர வேண்டும். அதற்குக் கீழ்வயிற்றில் ஒரு கீறல் எப்படியும் தேவை. 2009-ல் இத்தாலியில் 80 பேரைச் சீட்டுக் குலுக்கல் முறையில் பிரித்து, திறந்த அறுவை சிகிச்சையையும் துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியையும் ஒப்பிட்டார்கள். மொத்தத்தில் இரண்டும் சமம். சுவரைத் தாண்டி ஆழமாகப் பரவிய, வீரியமான புற்றில் மட்டும் திறந்த முறையில் முடிவு மேலாக இருந்தது. ஆகவே, எல்லாருக்கும் துளை வழியே செய்துவிடலாம் என்று சொல்லும் விளம்பரங்களை நம்பிவிட வேண்டாம். எந்தக் கட்டி, எந்த ஆழம் என்று பார்த்துத்தான் முடிவு.

அடுத்து வருவதுதான் தைவான் மருத்துவர்களை உண்மையில் உறங்கவிடாத கேள்வி. ஒரு பக்கம் புற்று. மறுபக்கச் சிறுநீரகம் இப்போதைக்குச் சுத்தம். எப்படியும் அது வேலை செய்யவில்லை, அதே நஞ்சில் ஊறியது. அதையும் சேர்த்தே எடுத்துவிடலாமா? மற்றவர்களுக்கு இது நினைத்துப் பார்க்கவே முடியாத யோசனை. சிறுநீர் நின்ற டயாலிசிஸ் நோயாளிக்கு இழக்க ஒன்றும் இல்லை என்று தோன்றும். ஆனால் இழப்பு இருக்கிறது: மீதமிருக்கும் ஒன்றிரண்டு டம்ளர் சிறுநீர்கூடத் தண்ணீர்க் கட்டுப்பாட்டைத் தளர்த்தும். ரத்தச் சிவப்பணுக்கள் உருவாகத் தூண்ட சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொயட்டின் கொஞ்சம் மிச்சமிருந்தால் அதுவும் போய் ரத்தசோகை மோசமாகும். இரண்டாவது பக்கம் அறுவை நேரத்தையும் கூட்டும். சிறுநீர்ப்பையிலும் புற்று பரவிய சிலருக்கு இரண்டு சிறுநீரகம், இரண்டு குழாய், பை என்று பாதை முழுவதையும் ஒரே தடவையில் எடுப்பதும் உண்டு. வழக்கமாகப் பையை எடுத்தால் குடலை வெட்டிச் சிறுநீருக்குப் புது வழி செய்ய வேண்டும், அந்த அறுவையின் பெரும்பாலான தொல்லைகள் அங்கிருந்துதான் வரும். சிறுநீர் வராதவருக்கு வழியே தேவையில்லை. பெரிய அறுவை அந்த ஒரு விதத்தில் எளிதாகிறது.

மருந்துகளின் பக்கம் நிலைமை ஏமாற்றமாகவே இருக்கிறது. உட்படலப் புற்றின் முதுகெலும்பு மருந்து சிஸ்பிளாட்டின், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். எனவே ஆய்வுகளில் சேரச் சிறுநீரகச் செயல்பாடு ஒரு வாசற்படி. மேல்பாதைப் புற்றுக்கு அறுவைக்குப் பின் கீமோதெரபி உதவுமா என்று பிரிட்டனில் 261 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான பௌட் ஆய்வு, உதவும் என்று நிரூபித்தது. சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 30 மி.லி.க்குக் கீழே இருந்தவர்களுக்கு அதில் இடமில்லை. 2023-ல் வந்து சிகிச்சையையே மாற்றிய என்ஃபோர்ட்டுமாப், பெம்ப்ரோலிசுமாப் என்ற இரு மருந்துகளின் கூட்டணி ஆய்விலும் அதே 30 தான் வாசற்படி. டயாலிசிஸ் நோயாளிகள் இரண்டுக்கும் வெளியே. யாருக்கு நோய் அதிகம் வருகிறதோ அவர்களை விட்டுவிட்டு நடந்த ஆய்வின் முடிவை, நாளைக்கு அவர்கள் மீதே ஊகித்துப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. பெம்ப்ரோலிசுமாப் போன்ற எதிர்ப்புரத மருந்துகள் மூலக்கூறு பெரியவை, சிறுநீரகம் அவற்றை வெளியேற்றுவதில்லை, டயாலிசிஸ் சவ்வும் வடிகட்டாது. எனவே கொடுக்கலாம் என்று தனித்தனி அனுபவங்கள் சொல்கின்றன. மாற்றுச் சிறுநீரகம் வாங்கியவராக இருந்தால் அது நிராகரிக்கப்படும் ஆபத்து தனியாக இருக்கிறது.

அப்படியானால் எல்லாருக்கும் வருடாவருடம் ஸ்கேன் எடுத்துவிடலாமே? 1996-ல் அமெரிக்காவில் செய்த ஒரு கணக்கு, சிறுநீரகம் செயலிழந்தவர்களிடம் வழக்கமான புற்றுநோய்ப் பரிசோதனைகள் ஆயுளில் கூட்டுவது சில நாட்களைத்தான் என்று காட்டியது. அவர்களில் பலரை இதயநோய் முந்திக்கொள்கிறது. வயது குறைந்தவர்கள், மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்கள், பல வருடம் டயாலிசிஸில் கழித்தவர்களுக்குக் கணக்கு மாறும். ஸ்கேனும் இவர்களிடம் முழு உண்மையைச் சொல்வதில்லை. சி.டி.யில் நரம்பில் ஏற்றும் சாயம் சிறுநீர் வழியாக இறங்கினால்தான் குழாயின் உட்புறம் தெரியும். சிறுநீர் இல்லையென்றால் சாயம் இறங்காது, குழாய் இருட்டாகவே இருக்கும். கீழிருந்து கருவி விட்டுச் சாயம் செலுத்தவோ நேரே பார்க்கவோ வேண்டும். எம்.ஆர்.ஐ. சாயத்திலும் கவனம் தேவை. பழைய வகைக் கடோலினியம் இவர்களின் தோலை மரப்பலகையாக இறுக்கும் நோயைத் தரும் என்பது 2006-ல் ஆஸ்திரியாவிலிருந்து முதலில் தெரியவந்தது. வேலை நின்ற சிறுநீரகத்தில் புதிதாக வீக்கம் என்று சாதாரண அல்ட்ராசவுண்ட் காட்டினால் அதைத் தள்ளிவிடக் கூடாது. ஒன்றும் ஓடாத குழாயில் எது அடைத்தது?

யாரைக் கூர்ந்து பார்ப்பது என்பதற்குத்தான் தொடக்கத்தில் சொன்ன கேள்வி உதவும். டயாலிசிஸ் நோயாளியின் கோப்பில் முதல் பக்கத்தில் சிறுநீரகம் செயலிழந்த காரணம் என்று ஓர் இடம் இருக்கும். நீரிழிவு என்று எழுதியிருந்தால் ஒரு கணக்கு, வலிமாத்திரை அல்லது மூலிகை என்று எழுதியிருந்தால் முற்றிலும் வேறு கணக்கு. இந்தியச் சிறுநீரக நோய்ப் பதிவேடு 2012-ல் வெளியிட்ட 52,273 பேரின் விவரத்தில் 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காரணம். 16 விழுக்காட்டினருக்குக் காரணம் தெரியவில்லை. சுருங்கிய சிறுநீரகத்தோடு கடைசிக் கட்டத்தில் வருபவரிடம் திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி செய்யவும் முடியாது, எழுதுபவர் வேறென்ன எழுதுவார். ஆனால் கேட்க முடியும். மூட்டுவலிக்கு எத்தனை வருடம் மாத்திரை போட்டீர்கள், உடல் இளைக்க யாரிடம் பொடி வாங்கினீர்கள், கஷாயத்தில் என்ன வேர் போட்டார்கள், வீட்டில் இன்னும் அந்தப் பொட்டலம் இருக்கிறதா. நான்கு மணி நேரம் அவர் எங்கேயும் போகப் போவதில்லை, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பதிலோடு, உள்ளாடையில் கறை எப்போதாவது பட்டதா என்பதையும் கேட்டு எழுத ஒரு வரி இடம் போதும்.